மருந்துக் கடைப் பயிற்சி: 500 மணி நேரத்தின் மதிப்பு

பிள்ளை டி.பார்ம் படிக்கிறான் என்றால் வீட்டில் ஒரு நிம்மதி. இரண்டு வருஷப் படிப்பு. முடித்துவிட்டால் சொந்தமாகக் கடை வைக்கலாம், ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகலாம். ஆனால் கடைசியில் ‘பிராக்டிகல் டிரெயினிங்’ என்று ஒன்று வரும்போதுதான் பெற்றோருக்குக் குழப்பம் ஆரம்பிக்கிறது. “இதுக்குத் தனியா பெர்மிட் வாங்கணுமா? கடைக்காரர் கையெழுத்துப் போட்டால் போதுமா?” என்று கேட்கிறார்கள்.

நான் சித்த மருத்துவன். ஆனாலும் மருந்தை அளந்து கொடுக்கும் கை சரியாக இருக்கவேண்டும் என்ற கவலை எல்லா வைத்தியத்துக்கும் பொதுதானே! அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம்.

உதாரணத்துக்குப் புன்னக்காயலை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி கடலோடு கலக்கிற ஊர். 16-ஆம் நூற்றாண்டிலேயே அண்டிரிக் அடிகளார் அங்கே ஒரு மருத்துவமனை நடத்தினார் என்பது அந்த ஊருக்குப் பெருமை. இன்றைக்கு அந்த ஊர்ப் பிள்ளை ஒருவன் டி.பார்ம் படித்தால், பயிற்சிக்கு ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர், தூத்துக்குடி என்று பஸ் ஏறவேண்டியிருக்கும். அவன் எதையெல்லாம் சரிபார்த்துக்கொண்டு பஸ் ஏறவேண்டும்?

தனியாக பெர்மிட் உண்டா?

அமெரிக்காவில் பயிற்சி மாணவர்களுக்கென்றே தனி உரிமம் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தில் அந்த உரிமத்தை வாங்கிக்கொண்டு 1500 மணி நேரம் பயிற்சி பெறவேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இதைக் கேள்விப்பட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் பயிற்சி மாணவனுக்கென்று தனி உரிம அட்டை கிடையாது. 1948-ஆம் வருஷத்து பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு வேறு வழியில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுப்பதோ, எடுத்துக் கொடுப்பதோ பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் செய்யவேண்டும். மற்றவர் செய்வதானால் அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் செய்யலாம். மீறினால் தண்டனை உண்டு.

ஆக, பயிற்சி மாணவனுக்கு ‘பெர்மிட்’ என்பது பக்கத்தில் நிற்கிற மருந்தாளுநர்தான். அவர் சாப்பிடப் போய்விட்டால் பெர்மிட்டும் அவரோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மாணவன் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது.

சேருமுன் பார்க்கவேண்டியவை

1. நேரம்: இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதிய பிறகுதான் பயிற்சிக் கணக்கு தொடங்கும். படிக்கும்போதே மாமா கடையில் சாயங்காலம் உட்கார்ந்தது இதில் சேராது.

2. இடம்: அரசு மருத்துவமனை, இ.எஸ்.ஐ. மருந்தகம், உரிமம் பெற்ற மருந்துக் கடை போன்ற இடங்களில் பயிற்சி பெறலாம். கடை என்றால் அதன் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்பது விதி. மாட்டவில்லை என்றால் சேருமுன் யோசியுங்கள்.

3. ஆள் கணக்கு: 1991-ஆம் வருஷத்துப் படிப்பு விதிகளில் இதற்கு ஒரு வரம்பு வைத்தார்கள். ஒரு மருந்தாளுநர் இருக்கும் இடத்தில் இரண்டு மாணவர்களுக்கு மேல் கூடாது. கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு மருந்தாளுநருக்கும் இன்னும் ஒரு மாணவர். ஒரே கடையில் பத்துப் பேர் பயிற்சி என்றால் அங்கே யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

4. காலம்: குறைந்தது 500 மணி நேரம், அதுவும் மூன்று மாதத்துக்குக் குறையாமல். ஒரு மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்துவிட முடியாது. இந்த 500-இல் 250 மணி நேரமாவது டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் கழியவேண்டும்.

5. படிவம்: கல்லூரி முதல்வரிடம் பயிற்சி ஒப்பந்தப் படிவம் வாங்கவேண்டும். கல்லூரி, மாணவன், பயிற்சி தருபவர் என்று ஒவ்வொருவரும் தங்கள் பகுதியைப் பூர்த்தி செய்து கையெழுத்திடுவார்கள். பயிற்சி முடிந்ததும் எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் என்று சான்று எழுதுவதும் அதில்தான். முதல் நாளே படிவம் கையில் இருக்கட்டும்.

“நாட்டு மருந்துக் கடையில் வேலை பார்த்தால் கணக்கில் வருமா டாக்டர்?” என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வராது. சித்த மருந்துகளை விற்க, ஆங்கில மருந்துக் கடைக்கு உள்ளது போன்ற விற்பனை உரிமம் கிடையாது. எனவே அந்தக் கடை டி.பார்ம் பயிற்சிக்கான இடமாக ஆகாது. சித்த மருந்தாளுநர் ஆக விரும்பும் பிள்ளைகளுக்கென்று ஒருங்கிணைந்த மருந்தாளுநர் பட்டயப் படிப்பு தனியாக இருக்கிறது. நம் பக்கத்துக்காரர்கள் அதைப் பற்றிப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

அந்த 250 மணி நேரம் எதற்கு?

சீட்டைப் படிப்பது, அளவு சரியா என்று பார்ப்பது, மருந்தைக் கெடாமல் வைப்பது, பதிவேடு எழுதுவது, இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கும். ஆனால் கூட்டம் நெருக்கும்போது தப்பில்லாமல் செய்வதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

குழந்தைக்குக் காய்ச்சல், பாராசிட்டமால் கேட்கிறீர்கள். சொட்டு மருந்து என்றால் வழக்கமாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து. சாதாரண சிரப் என்றால் 5 மில்லியில் 125 மில்லிகிராம். அதாவது ஒரு மில்லியில் 25தான். பெயர் ஒன்று, வீரியம் நான்கு மடங்கு! சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் பச்சைக் குழந்தையின் கல்லீரல் என்ன ஆகும்?

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. ‘தினம் ஒன்று’ என்று கவரில் எழுதிக் கொடுத்துவிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து வரலாம். இப்படிப்பட்ட தவறுகள் உலகம் முழுக்க நடந்திருக்கின்றன.

எங்கள் வைத்தியத்திலும் இதே கதைதான். குன்றிமணி எடை என்றால் 130 மில்லிகிராம். பணவெடை என்றால் 488 மில்லிகிராம். செந்தூரத்தை அளக்கும்போது ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்தால் ஏறக்குறைய நாலு மடங்கு உள்ளே போய்விடும். பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் நின்று, “தம்பி, இன்னொரு தரம் பாரு” என்று சொல்வதற்காகத்தான் பயிற்சிக்காலம்.

“கையெழுத்துப் போட்டுத் தாரேன்”

இப்போது கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். “நீங்க எதுக்கு அண்ணாச்சி பிள்ளைய இவ்வளவு தூரம் அலைய விடுதிய? ஒரு தொகை குடுங்க, 500 மணி நேரமும் நான் எழுதித் தாரேன்” என்று சொல்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பஸ் செலவு மிச்சம், பிள்ளை அதற்குள் வேறு வேலை பார்ப்பான் என்று பெற்றோருக்கும் ஆசை வரும்.

தயவுசெய்து வேண்டாம். பொய்த் தகவலைக் கொடுத்துப் பதிவேட்டில் ஏறிய பெயரை நீக்குவதற்குச் சட்டத்தின் 36-வது பிரிவு இடம் தருகிறது. பத்து வருஷம் கழித்துத் தெரிந்தால்கூட, கடை, கடன், குடும்பம் எல்லாம் அந்த ஒரு காகிதத்தின் மேல்தானே நிற்கும்? அதைவிடப் பெரியது இன்னொன்று உண்டு. சீட்டையே படித்துப் பழகாத பிள்ளையின் கையிலிருந்து யாரோ ஒரு தாய் மருந்து வாங்கிக்கொண்டு போவாள்.

உங்கள் பிள்ளையிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், அன்றைக்குக் கற்றுக்கொண்டது என்ன என்று எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை மருந்தாளுநரிடம் கையெழுத்து வாங்கட்டும். பின்னால் மணிக்கணக்கில் சந்தேகம் வந்தால் இந்த நோட்டு கை கொடுக்கும்.

பயிற்சி முடிந்த பிறகு

பயிற்சி முடிந்ததாலேயே மருந்தாளுநர் ஆகிவிட முடியாது. தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்யவேண்டும். 2022-இல் வந்த விதிகளில் டி.பார்ம் முடித்தவர்களுக்கு ‘எக்ஸிட்’ தேர்வு ஒன்று சேர்க்கப்பட்டது. முதல் தேர்வு 2024 அக்டோபரில் நடந்தது. உங்கள் பிள்ளை சேர்ந்த வருஷத்துக்கு அது பொருந்துமா என்று கல்லூரியிலும் கவுன்சிலிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு வருஷ பார்ம்.டி. படிப்பவர்களுக்குக் கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியில்தான் பயிற்சி. அதற்குக் கணக்கு வேறு.

மருந்து வாங்கும் உங்களுக்கு

வீட்டில் யாரும் பார்மசி படிக்கவில்லை என்றாலும் இது உங்களுக்கும் வேண்டிய விஷயம். 2015-இல் வந்த மருந்தாளுநர் நடைமுறை விதிகளின்படி அவர் வெள்ளைக் கோட்டும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜும் அணிந்திருக்க வேண்டும். அது இல்லாத இளம்பிள்ளை மருந்து எடுத்துக் கொடுத்தால், “தம்பி, டிரெயினிங்கா? பார்மசிஸ்ட் அண்ணனை ஒரு தடவை பாக்கச் சொல்லுப்பா” என்று அன்பாகவே கேளுங்கள். கோபப்பட வேண்டியதில்லை. ஒழுங்காகக் கற்றுக்கொள்கிற பிள்ளை அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான். மருந்தையும் சீட்டையும் பக்கத்தில் வைத்து, பெயர், வீரியம், எத்தனை வேளை என்ற மூன்றையும் சரிபார்த்த பிறகு காசு கொடுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதல் வேளை மருந்தைக் கொடுக்காதீர்கள்.