கூலி ஏறினால் வேலை போகுமா?

கேள்வி: வளரும் நாடுகளில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தால் இருக்கிற வேலையும் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எந்த வேலை என்பதைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்காவில் வீட்டு வேலை செய்வோருக்கு 2002 இறுதியில் சட்டக் கூலி வந்தது. கண்காணிப்பு பெயரளவுக்குத்தான், வீடு வீடாக அடுப்படிக்குள் எந்த இன்ஸ்பெக்டர் நுழைவார்? ஆனாலும் கூலி நன்றாகவே ஏறியது, வேலையிழப்பு தென்படவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். துணி துவைக்க, குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டுமே!

2003 மார்ச்சில் பண்ணைத் தொழிலாளருக்கும் சட்டம் வந்தது. அங்கே கூலி உயர்ந்தது, எழுத்தில் ஒப்பந்தம் பெற்றவர்களும் கூடினார்கள். ஆனால் ஆட்கள் குறைந்தார்கள். பண்ணைக்காரரால் இயந்திரம் இறக்க முடியும், நிரந்தர ஆளை நிறுத்திவிட்டு அறுவடைக்கு மட்டும் கூப்பிடவும் முடியும். அதற்காகக் கூலியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. 2012-ல் டி டோர்ன்ஸ் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது நாளுக்கு 69 ராண்ட்தான் சட்டக் கூலி. கேட்டது 150, மறு ஆண்டு மார்ச்சில் கிடைத்தது 105.

2019-ல் நாடு முழுவதற்கும் மணிக்கு 20 ராண்ட் என்று வைத்தார்கள். அப்போது பண்ணைக்கு 18, வீட்டு வேலைக்கு 15 என்று இருந்தது. என்னைக் கேட்டால், பண்ணைக்குக் குறைத்ததில் நியாயம் உண்டு. வீட்டு வேலைக்குக் குறைத்ததில் இல்லை.