மீண்டும் ஓடத் தொடங்குங்கால்

சில திங்கள் ஓட்டத்தைக் கைவிட்டு மீண்டும் தொடங்குங்கால், நம்மை ஏமாற்றுவது பழைய வேகத்தின் நினைவேயாம். மூச்சும் இருதயமும் சில வாரங்களில் தேறிவரும். தசைநாண்களும் எலும்புகளும் உரம்பெறப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு இடந்தருகின்றதென்று விரைந்தோடுவோர் கால் நோவுற்று மீளவும் வீட்டிலிருக்க நேரிடுகின்றது.

1962ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்து சென்ற அமெரிக்கப் பயிற்சியாசிரியர் பில் பவர்மன், ஆர்தர் லிடியார்டின் முறைப்படி மெல்லோட்டம் பயின்ற, தம்மினும் முதியவர் ஒருவர்க்குப் பின்தங்கினார். அம்முதியவர் வன்மை பெற்றது விரைவாலன்று, இடைவிடாப் பழக்கத்தாலேயாம்.

ஆதலின், ஓடுகையில் உடன்வரும் நண்பரோடு தடையின்றி உரையாட இயலுமாவென்று சோதிப்போமாக. இயலாதாயின் வேகத்தைக் குறைப்போம், வேண்டுமிடத்து நடப்போம், ஒருநாள் ஓடி மறுநாள் ஓய்வோம். இன்று சிறிது ஆற்றல் எஞ்சி நிற்க வீடு திரும்புவோனே நாளையும் ஓடப் புறப்படுவான்.