பழுது நாடும் முறை

மனிதன் தன் அறிவால் ஆக்கிய கருவிகளுள் பழுதுறாதது ஒன்றும் இல்லை. ஏரின் கொழு தேயும். வண்டியின் அச்சு முறியும். கடிகாரத்தின் வில் தளரும். இவற்றின் பழுது கண்ணுக்குப் புலனாகும். முறிந்த அச்சைக் கண்டவுடன் தச்சன் வேறு அச்சுக்கு மரம் தேடுவான். கணிப்பொறியின் பழுதோ அத்தகையதன்று. முன்கணம் வரை செவ்வையாக ஓடிய பொறி மறுகணம் திரை இருண்டு நின்றுவிடும். மீண்டும் இயக்கினால், ஒன்றும் நடவாததுபோல் ஓடத் தொடங்கும். எந்த உறுப்புக் கெட்டது என்பதைப் பொறியின் புறத்தோற்றம் காட்டாது. ஆகவே, இங்குக் கைத்திறனினும் நாடும் முறையே முதற்கண் வேண்டப்படுவது. அம்முறை யாது என்பதைப் பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானலை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வோம்.

கணிப்பொறியில் ஆடப்பெறும் விளையாட்டுகள் நமக்குப் பொழுதுபோக்கு. பொறிக்கோ அவை கடும் உழைப்பு. கடிதம் எழுதும்போது பொறியின் உறுப்புகள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். விளையாட்டின்போது, கணக்கிடும் செயலி, காட்சிகளைத் தீட்டும் கிராபிக்ஸ் அட்டை, ராம் என வழங்கும் நினைவகப் பட்டைகள், கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். எனக் கூறும் மின்வழங்கி ஆகிய அனைத்தும் ஒருங்கே மிகுந்த விசையுடன் இயங்கும். இவற்றைத் தாங்கி ஒன்றோடொன்று இணைப்பது மதர்போர்டு என்னும் தாய்ப்பலகை. நாள் முழுதும் எழுத்து வேலைக்கு ஈடுகொடுத்த பொறி, விளையாட்டைத் தொடங்கிய கால் மணி நேரத்தில் நின்றுபோவது இதனாலேயே. நலிந்த மாடு சமநிலத்தில் தன் நலிவைக் காட்டாது. மேட்டில் வண்டி இழுக்கும்போதே காட்டும்.

இனி, மலையின் இயல்பை நோக்குவோம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் கடல் மட்டத்திற்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கே. காற்று மெலிந்தால், விசிறி அதே விரைவில் சுழன்றாலும் குறைந்த வெப்பத்தையே வாரிச் செல்லும். ஆயின், மலைப்பொறி மிகுதியாகச் சுடும் என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுத்துக் கணக்கிடுதல் வேண்டும். சமவெளியில் அறையின் வெப்பம் 35 பாகை. செயலி அதற்கு மேல் 45 பாகை சூடேறுகிறது என்று கொள்வோம். ஆக, 80 பாகை. மெலிந்த காற்றால் மலையில் அவ்வேற்றம் 54 பாகையாகவே மிகினும், அறையின் வெப்பம் 15 பாகையாயின், செயலி 69 பாகையிலேயே நிற்கும். காற்று மெலிவால் நேரும் இழப்பைக் குளிர் ஈடுசெய்து விடுகிறது. காரணம் போலத் தோன்றுவதெல்லாம் காரணம் ஆகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

மலைக்கே உரிய இடர்கள் வேறு உள. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பாதை வளைவுகள் மலிந்தது. அப்பாதையில் பொறியை ஏற்றிச் செல்லும்போது, கனமான கிராபிக்ஸ் அட்டை தன் பொருத்துவாயில் சற்றே தளர்தல் கூடும். மழைக்காலத்து இடியும் மின்னலும் மின்னழுத்தத்தை அலைக்கழிக்கும். குளிர்ந்த பொறியைச் சமவெளிக்கு இறக்கி உடனே திறந்தால், வெப்பமான ஈரக்காற்றுப் பட்டு அதன் உறுப்புகளில் நீர்த்துளி படியும். அறையின் வெப்பத்தை அது பெறும்வரை காத்திருந்து இயக்குதலே தக்கது.

கருவியின் பழுதை நாடிய வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி பலரும் அறிந்தது. 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஹார்வார்டு பல்கலைக்கழகத்து மார்க் 2 என்னும் கணிப்பொறி பிழைபட இயங்கியது. அதனை இயக்கியோர் உள்ளே தேடி, மின் இணைப்பு உறுப்பொன்றில் சிக்கியிருந்த விட்டிற்பூச்சியைக் கண்டெடுத்தனர். அதனைக் குறிப்பேட்டில் ஒட்டி, கண்ட நேரத்தையும் இடத்தையும் எழுதி வைத்தனர். அவர்கள் பூச்சியை எடுத்தெறிந்துவிட்டு வாளாவிருக்கவில்லை என்பதை மாணவர்கள் கருதுக. எழுதி வைத்தலே பழுது நாடுவோனின் முதற்கடமை. பொறி நின்ற நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, திரையில் தோன்றிய செய்தி, உறுப்புகளின் வெப்பம் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் குறித்தால், பத்துக் குறிப்புகளுக்குள் பழுதின் போக்கு ஓரளவு விளங்கும்.

ஆயினும், பொறி தரும் செய்தியை அப்படியே நம்புதலும் ஆகாது. விண்டோஸ் அமைப்பின் குறிப்பேட்டில் 41 என்னும் எண்ணுடன் ஒரு பதிவு காணப்படும். அதில் மின்னாற்றலைக் குறிக்கும் சொல் இருத்தலின், மின்வழங்கி கெட்டது என்று பலர் எண்ணுவர். முறைப்படி நிறுத்தப்படாமல் பொறி நின்றது என்பதே அதன் பொருள். நின்றதன் காரணத்தை அது கூறவில்லை.

இதனினும் வலிய சான்று ஒன்று அண்மையில் கிடைத்தது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றைக் கொண்ட பொறிகளில், விளையாட்டுகள் தொடங்கும்போதே முறிந்தன. காட்சி நினைவகம் போதவில்லை என்னும் செய்தி திரையில் தோன்றியது. ஆதலின், கிராபிக்ஸ் அட்டையையே ஐயுற்றவர் பலர். உண்மையில் பழுது செயலியில் இருந்தது. சுருக்கி வைக்கப்பட்ட காட்சிக் கட்டளைகளைச் செயலி விரிக்கும்போது கணக்குப் பிழைத்தது. அப்பிழை அட்டையின் குறைபோலத் தோற்றம் அளித்தது. வேண்டியதினும் மிகுந்த மின்னழுத்தம் அச்செயலிகளை நலிவித்தது என்பதை 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனமே அறிவித்தது. திருத்தக் கட்டளையை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் ஈராண்டு நீட்டித்தது. அத்திருத்தம் நலிவைத் தடுக்குமேயன்றி, முன்னரே நலிந்த செயலியைக் குணப்படுத்தாது. குற்றம் சுமத்தப்பட்டது ஒன்று. குற்றம் செய்தது மற்றொன்று.

அங்ஙனமாயின், உண்மையை எவ்வாறு அறிவது? இதற்கு விடையாகும் சீரிய முறை ஒன்று கொடைக்கானல் மலையிலேயே நூறாண்டுகளுக்கு முன் கையாளப்பட்டது. சென்னையில் இருந்த வானாய்வகப் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. 1907இல் ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கில அறிஞர் அங்கு வந்து பணி ஏற்றார். 1909 சனவரியில் அவர் சூரியப் புள்ளிகளின் ஒளியை நிறமாலைக் கருவியால் பகுத்துப் படமெடுத்தபோது, நிறமாலையின் கருங்கோடுகள் தம் இடத்தினின்று சிறிதே விலகியிருக்கக் கண்டார். இவ்விலகல் சூரியனில் உள்ளதா, கருவியின் பழுதால் வந்ததா?

ஒளி நுழையும் பிளவைச் சூரிய வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிய திசையில், புள்ளியின் குறுக்கே அமைத்தபோது கோடுகள் விலகின. அதற்குச் செங்குத்தான திசையில் அமைத்தபோது விலகல் இல்லை. புள்ளியின் விளிம்புப் பக்கத்தில் கோடுகள் சிவப்பு நோக்கியும், நடுப்பக்கத்தில் ஊதா நோக்கியும் நகர்ந்தன. புள்ளி சூரிய வட்டத்தின் நடுவை நெருங்கியபோது விலகல் மறைந்தது. கருவியே பழுதாயின், சூரியனின் விளிம்பு எப்பக்கம் உள்ளது என்பதை அஃது எவ்வாறு அறியும்? கருவி ஒன்றே; மாறியது அது நோக்கிய நிலை மட்டுமே. ஆதலின் விலகல் சூரியனுக்கே உரியது. புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி வாயு ஓடுவதால் விளைவது என்று அவர் தெளிந்தார். அவ்விளைவு இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே உலகெங்கும் வழங்குகிறது. கருவியைக் காரணமின்றிப் பழித்திருப்பின், ஒரு பேருண்மை கைநழுவிப் போயிருக்கும். கருவியை ஆராயாது நம்பியிருப்பின், அக்கண்டுபிடிப்பைப் பிறர் நம்பியிரார்.

பிறவற்றை மாற்றாது ஒன்றை மட்டும் மாற்றுக. விளைவு எதனைத் தொடர்ந்து செல்கிறது என்று காண்க என்பதே அவருடைய சோதனை நமக்கு உணர்த்தும் நெறி. இதனை நம் பொறிக்குப் பொருத்திப் பார்ப்போம். கொடைக்கானலில் வாழும் மாணவன் ஒருவனுடைய பொறி, விளையாட்டைத் தொடங்கிய இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். கிராபிக்ஸ் அட்டையை மாற்று என்கிறான் நண்பன். அவ்வட்டையே பொறியின் உறுப்புகளுள் பெரும்பாலும் விலை மிக்கது. குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அதில் கரைந்துவிடும். குறையுள்ள பொருளைத் தந்தார் என்று கடைக்காரரைக் கடிகிறார் தந்தை. ஒருவன் கூற்றால் பொருள் வீணாகும்; மற்றவர் கூற்றால் ஒருவருடைய நற்பெயர் கெடும். இரண்டிற்கும் இன்னும் சான்று இல்லை.

மாணவன் முதலில் வெப்பத்தை அளக்கிறான். பல செயலிகள் 100 பாகையை ஒட்டியே தம் விரைவைக் குறைத்துக்கொள்ளும். இங்கு 69 பாகையே உள்ளது. வெப்பம் காரணமன்று. அடுத்து, மின்வழங்கியின் 12 வோல்ட்டு அளவை நோக்குகிறான். அது நூற்றுக்கு 5 பங்கு ஏறவோ இறங்கவோ இடமுண்டு, அஃதாவது 11.4 முதல் 12.6 வரை. அவ்வெல்லைக்குள் அஃது உள்ளமையால், மின்வழங்கியின்மீது ஐயம் குறைகிறது. கணநேர வீழ்ச்சி அளவியில் தோன்றாமற் போகலாமாதலின், அதனை அடியோடு விலக்கிவிடவும் இல்லை. பின்னர், நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுதும் ஓட்டுகிறான். காலையில் பிழைகள் காணப்படுகின்றன.

இங்கும் அவன் விரைந்து முடிவு செய்யவில்லை. பிழை பட்டையில் உள்ளதா, அது பொருந்தியிருக்கும் வாயில் உள்ளதா? பட்டைகள் இரண்டு, வாய்களும் இரண்டு. ஒவ்வொரு பட்டையையும் ஒவ்வொரு வாயிலும் தனித்தனியே வைத்து நான்கு சோதனை செய்கிறான். முதற்பட்டை இரு வாய்களிலும் பிழைபடுகிறது; இரண்டாம் பட்டை இரண்டிலும் செவ்வையாக இயங்குகிறது. பிழை பட்டையைத் தொடர்ந்தது, வாயைத் தொடரவில்லை. நல்ல பட்டையுடன் அதே விளையாட்டைப் பலமுறை ஆடிப் பார்க்கிறான், பொறி நிற்கவில்லை. கெட்ட பட்டையை மீண்டும் பொருத்துகிறான், பொறி நிற்கிறது. நீக்கியபோது பழுது மறைந்ததும், சேர்த்தபோது திரும்பியதும் ஆகிய இரண்டும் கூடியதே முழுச் சான்று. ஒருமுறை கழற்றி மாட்டியதால் சரியாயிற்று என்று மகிழ்ந்து ஓய்பவன் இச்சான்றைப் பெறான்.

உறுப்புகள் பலவாயின், பாதியாகப் பிரித்துச் சோதித்தல் நன்று. பதினாறு பட்டைகளுள் ஒன்றே கெட்டதாயின், எட்டெட்டாகவும், பின் நான்கு நான்காகவும், இரண்டிரண்டாகவும், ஒவ்வொன்றாகவும் பகுத்து நான்கே சோதனைகளில் அதனைக் கண்டுகொள்ளலாம்.

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் துகள்களும் நினைவகத்தில் ஒரு குறியை மாற்றிவிடுதல் உண்டு. உயரம் ஏற ஏற அத்துகள்கள் மிகும். மலையில் வாழ்வோர் அதன்மீது பழி சுமத்தலாமா? கதிரால் விளையும் பிழை நிலையாக ஓரிடத்தில் தங்குவதன்று. அருகியே, எங்கோ ஒருமுறை தோன்றி மறையும். கூகுள் நிறுவனத்தின் பெருந்தொகையான பொறிகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, நினைவகப் பிழைகளிற் பெரும்பாலன உறுப்பின் நிலைத்த குறையால் வருவன என்று காட்டியது. ஒரே பட்டை ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பிழைபடுமாயின், விண்ணைக் குறைகூறுதல் பொருந்தாது.

சோதனை செய்வோர் தம் உயிரையும் பேணல் வேண்டும். பொறியைத் திறக்கும் முன் மின் இணைப்பை அறவே நீக்குக. உடலில் தங்கிய நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்குமாதலின், பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுப் பணி தொடங்குக. மின்வழங்கியின் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள். இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் உயிருக்கு ஊறு விளைக்கும் மின்னழுத்தம் தங்கியிருத்தல் கூடும். அதனை ஐயுற்றால், முழுவதாக மாற்றிப் பார்த்தலே முறை.

நம் மாணவன் தன் குறிப்பேட்டுடன் கடைக்குச் செல்கிறான். சினந்து பேச வேண்டிய தேவை அவனுக்கு இல்லை; நான்கு சோதனைகளின் முடிவுகளே அவனுக்காகப் பேசும். உத்தரவாதம் இருப்பின் பட்டை மாற்றித் தரப்படும். இல்லையாயினும், கிராபிக்ஸ் அட்டையை வீணே வாங்கும் செலவு நேராது.

மாணவர்களே, பொறிகளின் பெயரும் வடிவும் காலந்தோறும் மாறும். இன்று நீங்கள் பயிலும் கணிப்பொறி நாளை பழம்பொருளாகும். ஆயினும், கண்டதைக் குறித்தல், ஒருகால் ஒன்றையே மாற்றுதல், சான்று கிட்டும்வரை எவர்மீதும் எதன்மீதும் பழி கூறாதிருத்தல் என்னும் மூன்றும் மாறா. நோயுற்ற உடல், விளையாத வயல், மனம் பிணங்கிய நண்பர் என எங்கெல்லாம் காரணம் மறைந்து நிற்கிறதோ, அங்கெல்லாம் இம்மூன்றும் துணை செய்யும். இவற்றை இளமையிலேயே பழகிக்கொள்ளுங்கள்.