இணையதளத்தில் குறிச்சொற்கள்
(மூன்றாமாண்டு மாணவர், கணிப்பொறி அறிவியல் துறை)

அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை. எனவே இருட்டிலும் கை தானாக எடுத்துவிடுகிறது. ஆனால், கட்டுரை கடுகன்று. ஓர் அறைக்குள் அது அடங்குவதில்லை. இதனை நான் உணர்ந்த விதத்தை ஈண்டுக் கூற விழைகிறேன்.

நம் கல்லூரி மலர்களின் பழைய கட்டுரைகளை இணையதளத்தில் ஏற்றும் பணி சென்ற ஆண்டு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. வரலாறு, பொருளியல், இலக்கியம், அறிவியல் என நான்கு பகுப்புகள் வகுத்து, ஒவ்வொரு கட்டுரையையும் ஏதேனும் ஒன்றில் சேர்த்தேன். ஒருநாள் முதலாமாண்டு மாணவி ஒருவர் வந்தார். மறைந்த அவர் தந்தையார் இங்குப் பயின்றபோது கிணற்றைப் பற்றி ஏதோ எழுதினாராம், தலைப்பு தெரியாது. அறிவியலில் தேடினோம், இலக்கியத்தில் தேடினோம். பக்கங்கள் யாவும் படங்களாக இருந்தமையால் சொல்லைக் கொண்டு தேடவும் வழியில்லை. வெறுங்கையுடன் திரும்பினார்.

அக்கட்டுரை பொருளியலில் இருந்ததை மறுவாரம் கண்டேன். கிணறு வெட்டக் கடன்பட்ட உழவரைப் பற்றியது அது. பகுப்பு தவறன்று, ஒன்றே ஒன்றாக இருந்ததுதான் குறை.

இச்சிக்கல் புதிதன்று. 1892இல் பிறந்த சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், நூலின் பொருளைப் பல கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். எனினும் அச்சிட்ட நூலொன்று ஓரிடத்தில்தான் நிற்க முடியும். இணையப் பக்கத்துக்கு அத்தடை இல்லை.

ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றுடன் 'கிணறு, கடன், உழவு' எனக் குறிச்சொற்களையும் எழுதிவைத்தேன். வார்ப்புரு என்பது செங்கல் அச்சுப் போன்றது. வடிவம் ஒன்றே, இடும் மண் மட்டும் வேறு. கட்டுரையின் அடியில் குறிச்சொற்களை இணைப்புகளாகக் காட்டவும், ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப்பக்கம் அமைத்து, அச்சொல்லுடைய கட்டுரைகளை ஆண்டுவாரியாக அடுக்கவும் வார்ப்புருவில் ஒருமுறை எழுதினால் போதும். புதிய கட்டுரை வந்தால் பட்டியல் தானே வளரும்.

இதிலும் ஓர் இடர் உண்டு. 'கிணறு', 'கிணறுகள்', 'கேணி' மூன்றும் நமக்கு ஒன்று, கணிப்பொறிக்கு மூன்று. எனவே ஒருமை வடிவம், ஒரே எழுத்துமுறை, முன்கூட்டியே வகுத்த சொற்பட்டியல் ஆகியன இன்றியமையாதவை. ஒரே கட்டுரைக்கு இருபது சொற்களை இட்டால் எல்லாப் பக்கத்திலும் எல்லாம் வந்து நிற்கும்; நான்கைந்து போதும்.

அம்மாணவிக்குச் சொல்லியனுப்பினேன். 'கிணறு' என்பதைச் சுட்டியதும் மூன்று கட்டுரைகள் வந்தன. நடுவில் தந்தையார் பெயர். நின்றபடியே படித்து முடித்தவர், "எங்க ஊர்ப் பேரையும் சேர்க்கலாமா அண்ணா?" என்று கேட்டார். சேர்த்தேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இன்னும் பல மலர்கள் குறிச்சொல்லின்றிக் கிடக்கின்றன. மாலை வேளையில் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய நண்பர்களை அன்புடன் அழைக்கிறேன்.