போய்ப் பார்த்ததற்கும் கூலி உண்டு

அன்பு மருமகனுக்கு,

செட்டியார்பட்டியில் நீ தனியாக வயரிங் வேலை பிடிக்க ஆரம்பித்துவிட்டாய், ஆனால் கூலி கேட்கத்தான் வாய் வரவில்லை என்று அக்கா சொன்னாள். போனில் பேசினால் பாதியை விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மணிக்கணக்கு நீ உனக்குள் போட்டுக்கொள்ள வேண்டியது, வெளியே சொல்வதற்கு அல்ல. நம்ம பக்கம் புது வீடு என்றால் பாயிண்டுக்கு இவ்வளவு, பழைய வீட்டில் காடி வெட்டிப் பைப் பதித்தால் நாள் கூலி. மணிக்கு இவ்வளவு என்று சொல்லிப் பார், வீட்டுக்கார அம்மா சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

ஆனாலும் உன் மணிக்கு என்ன விலை என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுச் செலவு 25,000 ரூபாய், வண்டி, போன், டிரில்லிங் மெஷின் தேய்மானம் 6,000, மழைக்கும் நோய்க்கும் எடுத்துவைப்பது 4,000 என்று வைத்துக்கொள். மாதத்தில் காசு பார்க்கும் நாள் 20 தேறினால் பெரிது. அதிலும் சாமான் கடை, அலைச்சல் போகக் கூலி வரும் நேரம் 5 மணிதான். ஆக 100 மணியில் 35,000, அதாவது மணிக்கு 350. பக்கத்துக் கடைப் பையன் என்ன வாங்குகிறான் என்று பார்த்து ரேட் வைக்காதே. அவனுக்கு வாடகை இல்லாமல் இருக்கலாம்.

இனி வரவுக் கூலி. உள்ளூரில் போய்ப் பார்த்துவர அரை மணி, பெட்ரோலும் சேர்த்து 200 கேள். சேத்தூர், ராஜபாளையம் என்றால் கூட்டிக்கொள். ராத்திரிக்கு வேறு ரேட். இதைப் போனிலேயே சொல்லிவிடு: "பார்க்க 200, வேலை எடுத்தா பில்லில் கழிச்சிருவேன்." ஏணியில் ஏறிய பிறகு சொன்னால் சண்டைதான். வண்டியை எடுக்குமுன் இன்னொன்றும் கேள், பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று. இல்லையென்றால் கோளாறு கம்பத்துப் பக்கம், அது மின்வாரியத்து வேலை. மின்னகம் 94987 94987-க்குச் சொல்லச் சொல்லிவிட்டு வீட்டில் இரு. அந்த 200 போனால் போகட்டும், அடுத்த முறை உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கோளாறு வேலைக்கு மட்டும் மணி பார்க்காதே. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் ஒரு செட்டில் தீபாவளி ஆர்டர் நேரம் என்று வை. மூணு பேஸ் லைன். ஒரு பக்கம் லைட் மங்குகிறது, இன்னொரு பக்கம் பல்பு வரிசையாகப் போகிறது. மீட்டர் வைத்தால் ஒரு பேஸில் 160, மற்றதில் 290 காட்டும். மெயினில் நியூட்ரல் லூஸ். மெயினை ஆஃப் செய்து, கருகிய முனையை வெட்டிப் புதிதாக முறுக்கி இறுக்கப் பத்து நிமிஷம். "ஒரு ஸ்க்ரூ திருப்பினதுக்கா இவ்வளவு?" என்பார் முதலாளி. எரியாமல் தப்பிய மோட்டார்களை அவருக்கு எண்ணிக் காட்டு. எந்த ஸ்க்ரூ என்று தெரிந்ததற்குத்தான் 700, 800.

சாமான் கடைக் கமிஷனில் கூலியை ஒளிக்கிற பழக்கம் நம்ம தொழிலில் ரொம்ப நாளாக இருக்கிறது. கூலியைக் குறைத்துச் சொல்லி வயர் காயிலில் ஏற்றுவார்கள். இப்போது எல்லோரும் செல்போனில் விலை பார்த்துவிடுகிறார்கள். பட்டியலை எழுதிக் கொடு, பில் அவர் பேரிலேயே இருக்கட்டும். உன் கூலியை முழுசாகக் கேள்.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் நான் கறார். நாளைக்கு உனக்கு லைசென்ஸ் வந்தபின், புது சர்வீஸுக்கு டெஸ்ட் ரிப்போர்ட்டில் போடச் சொல்லி நோட்டை நீட்டுவார்கள். எர்த் பார்க்காமல், மெக்கர் வைக்காமல் எந்த ரேட்டுக்கும் போடாதே. கொட்டுகிற மழையில் அந்த வீட்டுச் சுவரில் ஷாக் அடித்தால் விசாரணைக்கு வரப்போவது உன் பேர்தான்.

கடைசியாக ஒன்று. 1994-லிருந்து கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. வயரிங் வேலைக்காரரும் அதில் சேரலாம். இன்னும் பதியவில்லை என்றாள் அக்கா. இந்த வாரமே பதி. உன் ரேட்டுகளை ஒரு தாளில் எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, குறைத்துப் போட்டிருந்தால் திருத்தி அனுப்புகிறேன்.

உன் மாமா
ராஜபாளையம்