கட்டாரிலிருந்து எழுதிய தம்பிக்கு

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், வெளியிடவில்லை. ஆனால் பதிலை எல்லோரும் வாசிக்கும்படிதான் எழுதுகிறேன். "நான் இங்கே உழைத்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் வளருவது எனக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இது உங்கள் ஒருவரின் கேள்வி இல்லை. 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி இலங்கையை விட்டுப் போனார்கள். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரப் படகை நம்பியிருந்த எத்தனையோ பேர் அதன்பிறகுதான் கடவுச்சீட்டைப் பற்றி யோசித்தார்கள்.

உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. எங்கள் ஊர் உடப்பு. சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் வீதியில் பத்துளுஓயாவில் இறங்கிக் கடல் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பு, நடுவே மணலில் நெருக்கி நெருக்கி வீடுகள். இங்கே ஆண்டு இரண்டாகப் பிரியும். வாடைக்காலத்தில் எங்கள் கடல் அடங்கியிருக்கும். ஐப்பசியிலிருந்து சித்திரை வரை கரைவலை, வீட்டில் அப்பா, அடுப்பில் மீன். சோளகக் காற்று எழும்பி மேற்குக் கடல் குமுறத் தொடங்கினால் ஆண்கள் பலர் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைப் பக்கத்துக்கும் போய்க் கரையில் வாடி என்கிற குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். ஆடித் திருவிழாவுக்கு எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போவார்கள். பாதி வருடம் அப்பா இல்லாமல் பிள்ளை வளர்ப்பது எங்கள் பெண்களுக்குப் பாட்டி காலத்துப் பழக்கம். என் வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு ஐப்பசியில் என் கணவர் திரும்பி வந்தபோது மகனுக்குச் செருப்பு வாங்கி வந்தார். போகும்போது இருந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு விரல் கூட்டியே வாங்கியிருக்கிறார். மகன் காலை நுழைத்துப் பார்த்தான். குதிகால் வெளியே நின்றது. "பரவாயில்லை அப்பா, போட்டுக்கொள்கிறேன்" என்று குதிகாலைத் தூக்கிக்கொண்டே முற்றத்தில் நடந்து காட்டினான். அப்பாவின் முகம் வாடக் கூடாதே என்று பிள்ளை நடந்த நடை அது. இவர் ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளைகள் அப்பியாசக் கொப்பியில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவார்கள். அதைப் படம் எடுத்து வாடிக்கு அனுப்புவேன். சின்னவள் தன் காலோடு பூனையின் காலையும் சேர்த்து வரைய முயன்று கையில் கீறல் வாங்கிய கதையும் அந்தப் படத்தோடு போகும். செருப்புக்காகத் தொடங்கியதுதான். ஆனால் அவர் அந்தப் படங்களை அழிக்காமல் வைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

தூரத்தில் இருக்கிற அப்பாவுக்கு வேண்டியது இந்த மாதிரிச் சேதிதான், தம்பி. "எல்லாரும் சுகம்" என்பது சேதியே இல்லை.

எங்கள் ஊர்க் கோயிலை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ருக்மணி சத்தியபாமா சமேத பார்த்தசாரதியும் திரௌபதையம்மனும் இருக்கிற கோயில். ஆடியில் பாரதக் கதையை ஒட்டித் திருவிழா நடந்து தீமிதிப்பில் முடியும். தீமிதிப்பைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. பாண்டவர்கள் காட்டுக்குப் போனபோது திரௌபதையின் ஐந்து பிள்ளைகளும் கூடப் போகவில்லை. துவாரகையில் சுபத்திரையிடம் வளர்ந்தார்கள். பன்னிரண்டு வருடம் வனவாசம், ஒரு வருடம் அஞ்ஞாதவாசம். தாய் காட்டில், பிள்ளைகள் வேறொருத்தி மடியில். சூதாட்டமும் சேலையும் சபதமும் பேசுகிற நாங்கள் இந்தப் பதின்மூன்று வருடத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை.

பாரதத்தின் வனபர்வத்தில் சத்தியபாமை காட்டுக்கு வந்து திரௌபதையைப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. விடைபெறும் நேரத்தில் அவள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறாள். சுபத்திரை அவர்களைத் தன் பிள்ளைகளாகவே வைத்திருக்கிறாள், சாப்பாட்டையும் உடுப்பையும் வசுதேவரே கவனிக்கிறார், மற்றப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் யாரும் வேற்றுமை காட்டுவதில்லை என்கிறாள். சாப்பாடு, உடுப்பு, கூட இருப்பவர்கள். ராஜ்யம் போய்விட்ட ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் கொண்டுவந்த சேதி இவ்வளவுதான். கோயிலில் சத்தியபாமையின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வரும். பிள்ளையைப் பிரிந்திருப்பவர் மனது எதைக் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே உங்கள் மனைவியிடம் அப்படிச் சேதி கேளுங்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள். "படிக்கிறாயா?" என்று கேட்டால் "ம்" என்பார்கள். புலமைப்பரிசில் வகுப்பில் எத்தனை புள்ளி என்று கேட்டால் தொலைபேசி அம்மாவின் கைக்குப் போய்விடும். அப்பாவின் அழைப்பு என்றாலே விசாரணை என்று பிள்ளைக்குப் படிந்துவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. வகுப்பில் பக்கத்தில் யார் இருக்கிறது, இடைவேளையில் என்ன விளையாட்டு, எந்தப் பல் ஆடுகிறது, இன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். கேட்ட பெயர்களை ஞாபகம் வைத்து அடுத்த முறை அந்தச் சிநேகிதனைப் பெயர் சொல்லி விசாரியுங்கள். என் மகள், அப்பா தன் தோழியின் பெயரைச் சரியாகச் சொன்ன அன்று முழுத் தெருவுக்கும் அதைச் சொல்லி வந்தாள்.

இன்னொன்று, பிள்ளைகள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேச மாட்டார்கள். கை வேலையாக இருக்கும்போதுதான் வாய் திறக்கும். கரைவலை இழுப்பதைப் பாருங்கள். ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போய் வலையை வளைத்துப் போட்டு, மறு கயிற்றைத் தள்ளிக் கொண்டுவந்து கொடுக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்து இழுத்து நெருங்கி வருவார்கள். வலையின் மடி கரையேற நேரம் எடுக்கும். ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். சனிக்கிழமைகளில் பையன்களும் கயிற்றின் கடைசியில் பிடிப்பார்கள். அவர்கள் பிடிப்பதால் வலை வேகமாக வருவதில்லை. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில், வீட்டில் சொல்லாத எதையெல்லாமோ அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது, கணக்கு விளங்காதது, பெரிய பையன்கள் மிரட்டியது எல்லாம் எங்கள் வீட்டுக்குக் கயிற்றடியில் இருந்துதான் வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் நாட்டின் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் விஞ்சு பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள். முதுகு தப்பியது என்று சந்தோஷப்படுகிறேன். அம்பாவும், அதன் இடையில் வந்த பிள்ளைப் பேச்சும் கூடவே போவதை நினைத்தால் வருத்தமாகவும் இருக்கிறது.

உங்களுக்குக் கயிறு இல்லை, போன் இருக்கிறது. அதைக் குசினியில் தட்டியில் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். மனைவி மீன் வெட்டட்டும், மகள் வெங்காயம் உரிக்கட்டும், மகன் கொப்பியில் எழுதட்டும், பூனை குறுக்கே போகட்டும். நீங்கள் அங்கே உங்கள் சட்டையைத் துவையுங்கள். எல்லோரும் பேச வேண்டும் என்று இல்லை. பாதி நேரம் மேற்கூரைதான் தெரியும், பரவாயில்லை. நடுவில் ஒரு பிள்ளை தலையைத் தூக்கி "அப்பா, இது சரியா?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவ்வளவு நேரமும்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். இங்கே உங்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நீங்கள் மாலை 6 மணிக்கு வேலை முடித்துக் குளித்துவிட்டு அழைப்பதற்குள் இங்கே இரவு 9 மணி ஆகிவிடும். தூக்கக் கண்ணோடு இருக்கிற பிள்ளை எரிச்சல்படுவதைப் பாசம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. "அப்பா இல்லாவிட்டால் என்ன, அம்மா இருக்கிறாள்தானே என்று ஊரில் சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். சட்டமும் அப்படித்தான் நினைத்தது. 2013இலிருந்து வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்றார்கள். 2022இல், நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டபோது, அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். அப்பா போவதற்கு எந்த அறிக்கையும் யாரும் கேட்கவில்லை. பிள்ளை வளர்ப்பில் அப்பாவுக்கு ஒரு இடம் இருக்கிறது என்ற நினைப்பே அந்தக் காகிதங்களில் இல்லை. உங்களுக்கு அந்த நினைப்பு இருக்கிறது. அதை யாரும் கேலி செய்ய விடாதீர்கள்.

உங்கள் மூத்தவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறேன் என்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கரையில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள் எல்லோருக்கும் வருகிற பேச்சு அது. அப்பா தூரத்தில் இருந்தால் இன்னும் சத்தமாக வரும். வீட்டில் ஒரு ஆண் குறைகிறது, அந்த இடத்தில் நான் நிற்கிறேன் என்று அவனுக்குத் தோன்றுகிறது. அது கெட்ட எண்ணம் இல்லை, ஆகையால் ஏசாதீர்கள். ஆனால் விட்டுக் கொடுக்கவும் வேண்டாம். 16 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம். வேலைக்கு வைக்கும் ஆகக் குறைந்த வயதும் 2021இலிருந்து 16தான். சட்டத்தை விடுங்கள், சாதாரண தரப் பரீட்சை எழுதாமல் கடலுக்குப் போனவர்கள் மண்ணெண்ணெய் விலை ஏறிய வருடத்தில் வேறு எந்த வேலைக்கும் விண்ணப்பம் போட முடியாமல் நின்றதை இந்தத் தெருவில் பார்த்தேன். சனிக்கிழமை கயிறு பிடிக்கட்டும், மீன் பங்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரட்டும், அம்மா அதைச் சமைத்து அவன் கையால் வந்த மீன் என்று சொல்லிப் பரிமாறட்டும். திங்கட்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்டுப் போகத்தான் வேண்டும். இதை நீங்களே அவனிடம் நேரே சொல்லுங்கள். மனைவி மூலம் சொல்லி அனுப்பினால் அது அம்மாவின் கண்டிப்பாகப் போய்விடும்.

விடுமுறையில் வரும்போது சின்னவள் உங்களைக் கண்டு தாயின் பின்னால் ஒளிந்தால் பதறாதீர்கள். என் மகளும் ஒளிந்தாள். என் கணவர் அவளைக் கூப்பிடவில்லை, தூக்க முயலவில்லை, இனிப்பைக் காட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பீறிய வலையை விரித்துப் பொத்தத் தொடங்கினார். அவள் கதவடியில் நின்று பார்த்தாள். பிறகு வலையின் ஓரத்தில் வந்து குந்தினாள். ஊசியில் நூல் தீர்ந்தபோது, நூல் சுற்றி வைத்திருந்த அடுத்த ஊசியை எடுத்து அவளாகவே நீட்டினாள். வாங்கிக்கொண்டு "ம், இது நல்ல ஊசி" என்றார். அவ்வளவுதான். அன்று மாலை அவர் பின்னாலேயே கரைக்குப் போனாள். பிள்ளை தானாக வருவதற்கு இடம் விட வேண்டும். பெட்டி பிரிக்கும் முதல் நாளிலேயே புள்ளி அறிக்கையைக் கேட்டு, வீட்டை ஒழுங்குபடுத்தக் கிளம்புகிற அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் திரும்பிப் போகும் நாளில் பிள்ளைகள் பெருமூச்சு விடுகிறார்கள். அப்படி ஒரு விடுமுறை உங்களுக்கு வேண்டாம்.

பிள்ளைகள் வளருவது உங்களுக்குத் தெரியாமலே முடிந்துவிடுமா என்று கேட்டீர்கள். கொஞ்சம் தெரியாமல்தான் போகும். முதல் சைக்கிள் ஓட்டத்தை நீங்கள் பார்க்கப் போவதில்லை, காய்ச்சல் இரவுகளில் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. அதை இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மிச்சம் நிறைய இருக்கிறது, அது உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஓய்வு என்று எழுதியிருந்தீர்கள். இங்கே பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றிச் சாப்பிட உட்கார இரண்டு மணி ஆகும். உங்கள் நேரம் 11.30. அப்போது எடுங்கள். வாயில் சோற்றோடு பேசுவார்கள், பேசட்டும். இந்த வெள்ளிக்கிழமையே தொடங்குங்கள். பிறகு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், மூத்தவன் என்ன சொன்னான் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உடப்பிலிருந்து உங்கள் அக்கா