யு.எஸ்.பி. வழி வலைத்தொடர்பு: பழுது காணும் வரிசை

முன்னுரை

மருந்து கொடுக்குமுன் நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று ஆராய வேண்டும் என்பது மருத்துவருக்கு வள்ளுவர் கூறிய அறிவுரை. கருவிகளைக் கையாளும் மாணவருக்கும் அது பொருந்தும். அதை மறந்து நான் என் நண்பர் ஒருவருக்கு விளைவித்த இழப்பே இக்கட்டுரை எழுதக் காரணம்.

நண்பர் தம் செயல்திட்டத்திற்காகக் கிணற்று நீரின் வெப்பநிலையை மணிக்கு ஒருமுறை ‘பீகிள்போன் பிளாக்’ என்னும் சிறு கணிப்பொறியில் பதிவுசெய்து வந்தார். 19 நாட்களின் அளவுகள் சேர்ந்தன. 20ஆம் நாள் அவற்றை எடுப்பதற்காக, கருவியை ஆய்வகக் கணிப்பொறியுடன் யு.எஸ்.பி. கம்பியால் இணைத்தோம். விளக்குகள் எரிந்தன, தொடர்பு மட்டும் கிட்டவில்லை. “உள்ளே மென்பொருள் கெட்டுவிட்டது” என்று நானே தீர்ப்புக் கூறி, கருவியின் நினைவகத்தை அழித்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவினேன். அளவுகள் யாவும் மறைந்தன. தொடர்போ அப்பொழுதும் கிட்டவில்லை.

இணைப்பு அமையும் விதம்

2013ஆம் ஆண்டு வெளிவந்த இக்கருவி, யு.எஸ்.பி. கம்பியில் செருகப்பட்டதும் தன்னை ஒரு வலை அட்டைபோலக் கணிப்பொறிக்கு அறிமுகம் செய்துகொள்கிறது. பின்னர் கம்பியின் இரு முனைகளுக்கும் முகவரிகள் அமைகின்றன. விண்டோசில் கருவியின் முகவரி 192.168.7.2, கணிப்பொறியின் முகவரி 192.168.7.1. கணிப்பொறிக்கு முகவரி வழங்குவதும் இச்சிறு கருவியே. ஆகவே தொடர்பு என்பது படிக்கட்டு போன்றது. கீழ்ப்படி உறுதியாக இல்லாதபோது மேற்படியைச் சோதிப்பதால் பயனில்லை.

ஐந்து படிகள்

1. கம்பி: யு.எஸ்.பி. 2.0 கம்பிக்குள் நான்கு இழைகள் உண்டு. வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. பச்சையும் வெள்ளையும் செய்திக்கு. மின்னேற்றத்திற்கென்றே விற்கப்படும் சில கம்பிகளில் செய்தி இழைகள் இரா. அத்தகைய கம்பியிலும் கருவியின் விளக்கு எரியும். எனவே விளக்கு மின்சாரத்துக்குச் சான்றே அன்றி இணைப்புக்குச் சான்றாகாது. வேறொரு கருவியில் கோப்புகளைக் கடத்திய கம்பியைக் கொண்டு சோதித்தல் நன்று.

2. உயிர்ப்பு: கருவியின் நான்கு நீல விளக்குகளுள் ஒன்று இதயம் துடிப்பதுபோல் மின்னினால் அதன் மென்பொருள் இயங்குகிறது என்று பொருள். மின்சாரம் கொடுத்தபின் ஒரு நிமிடமேனும் பொறுத்திருக்க வேண்டும்.

3. அறிமுகம்: விண்டோசில் ‘டிவைஸ் மேனேஜர்’ பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பியைச் செருக வேண்டும். பட்டியலில் எந்த மாற்றமும் இல்லையெனில் முதல் இரண்டு படிகளுக்குத் திரும்புக. புதிய பெயர் தோன்றியும் அது வலை அட்டையாக அன்றி ‘காம் போர்ட்’டாகத் தோன்றினால், தவறான டிரைவர் அமர்ந்துள்ளது, அதை மாற்றுதல் வேண்டும்.

4. முகவரி: கணிப்பொறியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது முகவரி கேட்டும் விடை வரவில்லை என்பதே பொருள். அப்போது 192.168.7.1 என்பதை நாமே எழுதிக் கொடுக்கலாம். கல்லூரி வலையும் 192.168.7 என்றே தொடங்குமானால் செய்திகள் வழிமாறிப் போகும் என்பதையும் கவனிக்க.

5. நுழைவு: ‘பிங்’ ஆணைக்கு விடை வந்தால் வழி திறந்துள்ளது. அதன் பின்னரே எஸ்.எஸ்.எச். மூலம் உள்ளே நுழைய முயல வேண்டும்.

எங்கள் பழுது எங்கே இருந்தது?

ஆய்வக உதவியாளர் வந்து, ஒன்றும் பேசாமல் கம்பியை மட்டும் மாற்றினார். ‘பிங்’ உடனே விடை தந்தது. பழுது முதற்படியிலேயே இருந்தது! ஆயினும் எஸ்.எஸ்.எச். எங்களை உள்ளே விடவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் அடையாளச் சாவி ஒன்று உண்டு. நான் நினைவகத்தை அழித்து நிறுவியபோது புதுச் சாவி உண்டாயிற்று. பழைய சாவியை நினைவில் வைத்திருந்த கணிப்பொறி, “இது வேறு கருவியாக இருக்கலாம்” என்று தடுத்தது. பழைய பதிவை நீக்கிய பின்னரே நுழைய முடிந்தது. இல்லாத நோய்க்கு நான் கொடுத்த மருந்து புது நோயை உண்டாக்கியது.

இன்னொன்றும் அன்றுதான் என் கண்ணில் பட்டது. அக்கருவியில் ஈதர்நெட் துளை ஒன்று இருக்கிறது. யு.எஸ்.பி. வழி அடைபட்டிருந்தாலும், அவ்வழியாக 19 நாள் அளவுகளையும் எடுத்திருக்கலாம்.

முடிவுரை

பழுது காண்பதில் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று, கீழ்ப்படியிலிருந்து மேலே செல்வது. மற்றொன்று, மீட்கக்கூடிய சோதனைகளை முதலிலும் மீட்க முடியாதவற்றைக் கடைசியிலும் செய்வது. கம்பியை மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். தவறானால் பழையதையே செருகிவிடலாம். அழித்த நினைவகத்தை அவ்வாறு திரும்பப் பெற இயலாது.

நண்பர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் காலை கருவியை எடுத்துக்கொண்டு மீண்டும் கிணற்றடிக்குச் சென்றார். உடன் நானும் சென்றேன். அவர் குறிப்பேட்டில் ‘முதல் நாள்’ என்று மறுபடியும் எழுதியதைப் பார்த்தபோது நான் கற்ற பாடத்தை, மாணவ நண்பர்கள் இக்கட்டுரையைப் படித்தே கற்றுக்கொள்வார்களாக!